தூக்குவது வேறு, தாங்குவது வேறு: பாப்அப் கேம்பர் கூரைப் பாதுகாப்புக்கான கோரிக்கைச் சாசனம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பாப்அப் கேம்பர்களைத் தயாரிப்போர், விற்போர், வாடகைக்கு விடுவோர், பழுதுபார்ப்போர், பூங்கா நிர்வாகத்தினர், வாகனப் பாதுகாப்புத் துறையினர் ஆகிய அனைவரின் கவனத்துக்கும், இந்த வண்டிகளில் குடும்பத்தோடு உறங்கும் நாங்கள் முன்வைப்பது:

முகவுரை

பாப்அப் கேம்பர் மடங்கி விரியும் வீடு. சாலையில் இழுத்துச் செல்லும்போது அது ஒரு தாழ்ந்த பெட்டி. முகாமிடத்தில் நிறுத்திக் கைப்பிடியைச் சுழற்றினால் கூரை எழும்பும், இருபுறமும் கட்டில்கள் வெளியே நீளும், கேன்வாஸ் சுவர்கள் விரியும். பெரிய டிரெய்லர் வாங்க வசதியில்லாதவர்கள், அதை இழுக்க வலுவான வண்டி இல்லாதவர்கள், தரையில் படுத்தால் முதுகு தாங்காத தாத்தா பாட்டிகள், கைக்குழந்தையோடு கூடாரத்தில் தங்கத் தயங்கும் தாய்மார்கள் என எல்லோருக்கும் காட்டுக்குள் ஓர் இரவை எட்டும் தூரத்தில் வைத்தது இந்த வண்டிதான். ஒன்டாரியோவின் மாகாணப் பூங்காக்களில் கோடைதோறும் முகாமிடும் தமிழ்க் குடும்பங்களும் இவர்களில் உண்டு. ஆகவே இச்சாசனம் தமிழிலும் எழுதப்படுகிறது.

இதை உருவாக்கியவர்கள்மீது எங்களுக்கு மதிப்பு உண்டு. 1968இல் இண்டியானா மாநிலத்தின் மிடில்பரியில், தம் பண்ணையின் கோழிக் கொட்டகைகளில் ஜேகோ நிறுவனத்தைத் தொடங்கிய லாயிட் பான்ட்ரேகர், கூரையைத் தூக்கத் தாமே வகுத்த பொறியமைப்பை வைத்துத்தான் தொழிலில் இறங்கினார். அவரைப் போன்றவர்களின் கைத்திறனால் ஒரே ஆள் ஒரு கைப்பிடியைச் சுழற்றி முழுக் கூரையையும் உயர்த்த முடிந்தது. தூக்கும் வேலை அன்றே எளிதாகிவிட்டது. தூக்கிய கூரை, எது அறுந்தாலும் விழாமல் நிற்பதற்கான ஏற்பாடுதான் இன்னும் எல்லா வண்டிகளிலும் வந்து சேரவில்லை. அதைக் கேட்கவே இச்சாசனம்.

கூரை எதை நம்பி நிற்கிறது

கையால் சுழற்றும் பெரும்பாலான பாப்அப்களில் முன்புறத்திலோ பக்கத்திலோ ஒரு வின்ச் இருக்கும். அதைச் சுழற்றும்போது ஒரு தலைமைக் கேபிள் உருளையில் சுற்றிக்கொள்ளும். தரைக்கு அடியில் அந்தக் கேபிள் ஓர் இரும்புப் பட்டையை இழுக்க, பட்டையிலிருந்து பிரியும் நான்கு கேபிள்கள் கப்பிகள் வழியாக நான்கு மூலைகளுக்கும் போகும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் அங்கே நீண்ட சுருள் ஸ்பிரிங்குகள், ஒன்றுக்குள் ஒன்று செருகிய தூண்களை உள்ளிருந்து மேலே தள்ளும். கூரை எழும்பும்.

இதில் பளு எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். நான்கு தூண்கள் நிற்பதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் அந்த நான்கும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரே தலைமைக் கேபிளிலும், ஒரே வின்ச்சின் பிரேக்கிலும் தொங்குகின்றன. மூலைக் கேபிள் ஒன்று அறுந்தால் அந்த மூலை சாயும். தலைமைக் கேபிள் அறுந்தாலோ வின்ச் நழுவினாலோ கூரை மொத்தமாக இறங்கும். கட்டில்களின் வளைகம்பிகளும் கேன்வாஸும் கூரையைத் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். அவை துணியை இழுத்துப் பிடிக்க வைத்தவை. கூரையின் எடையைத் தாங்குவது அவற்றின் வேலையே இல்லை.

எங்கே தவறுகிறது

கேபிள் ஒரே நாளில் அறுவதில்லை. கப்பி துருப்பிடித்துச் சுற்றாமல் நின்றால் கேபிள் அதன்மீது உரசிக்கொண்டே ஓடும். முதலில் கேபிளின் கம்பி நரம்புகளில் ஒன்று அறுந்து முள்ளாக வெளியே நீட்டும், பிறகு இன்னொன்று. பழைய துணியைக் கேபிளைச் சுற்றிப் பிடித்து மெல்ல ஓட்டினால் துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே நரம்பு அறுந்திருக்கிறது. வெறுங்கையால் தடவினால் அந்த முள் உள்ளங்கையைக் கிழித்துவிடும். துணி மாட்டிய கேபிளைத் தாமதமின்றி மாற்ற வேண்டும். ஆனால் தரைக்கு அடியில் மூடி மறைத்த கேபிளை எத்தனை பேரால் இப்படிப் பார்க்க முடிகிறது?

வின்ச்சுக்கும் ஒரு மொழி உண்டு. பிரேக் உள்ள வின்ச்சைக் கூரை ஏறும் திசையில் சுழற்றும்போது டிக் டிக் என்று ஒலிக்கும். கையை எடுத்தாலும் பளு நின்ற இடத்தில் நிற்கும். ஏறும்போது அந்த ஒலி நின்றுபோனால் உள்ளே ஏதோ பழுது. சுழலவில்லை என்று யாராவது பிரேக் வட்டுகளில் எண்ணெய் விட்டால், உராய்வை நம்பி நிற்கும் பிரேக் வழுக்கத் தொடங்கும். பழைய வகை வின்ச்சுகளில் அந்தத் தானியங்கி பிரேக்கும் இல்லை. இறக்கும்போது பல்சக்கரத்தின் பிடியை விடுவித்ததும் முழுப் பளுவும் சுழற்றுபவர் கைக்கு வரும். கை நழுவினால் கைப்பிடி விசிறிபோலச் சுழன்று மணிக்கட்டையோ தாடையையோ உடைத்துவிடும்.

கூரையின் மூலைகளை நீர் தின்கிறது. ஏசி பொருத்திய துளையிலும் ஓரத்து ஒட்டுகளிலும் கசியும் மழைநீர் உள்ளே இருக்கும் மரச்சட்டத்தை உளுக்கச் செய்யும். வெளியே பெயின்ட் பளபளக்கும். தூணின் தலையைக் கூரையோடு பிணைக்கும் திருகாணிகளோ நமுத்த மரத்தில் பிடிப்பில்லாமல் நிற்கும்.

பளுவும் கூடிக்கொண்டே போகிறது. கூரை ஏசி ஒன்றே 80 முதல் 100 பவுண்டு, அதாவது 36 முதல் 45 கிலோ வரை வரும். அதோடு சோலார் பலகை, சைக்கிள் தாங்கி, சிறு படகு. இவற்றையும் மிஞ்சுவது பனி. 12 அடி நீளம், 7 அடி அகலமுள்ள கூரையில் விழும் ஈரப்பனி உருகினால் ஓர் அங்குல உயரத்துக்கு நீராகும் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை 400 பவுண்டுக்கு மேல், ஏறக்குறைய 200 கிலோ. அக்டோபரில் கனடிய நன்றி நவிலல் விடுமுறைக்கு முகாமிடப் போகிறவர்களுக்கு இது வெறும் கணக்காக இருக்கப் போவதில்லை.

கடைசியாக, ஞாயிறு காலைப் புறப்பாடு. அப்பா கைப்பிடியைச் சுழற்றுகிறார், கூரை மெல்ல இறங்குகிறது. வெளியே பிதுங்கும் கேன்வாஸை உள்ளே திணிக்க அம்மா ஒருபுறம், பத்து வயதுப் பிள்ளை மறுபுறம். இருவர் விரல்களும் கூரை விளிம்புக்கும் பெட்டி விளிம்புக்கும் நடுவே. பூங்கா தோறும் வாரந்தோறும் நடப்பது இதுதான். அந்த நொடியில் அந்த விரல்களைக் காப்பது ஒரு கேபிள் மட்டுமே.

நாங்கள் நிற்கும் மூன்று கோட்பாடுகள்

ஒன்று: தூக்குவது வேறு, தாங்குவது வேறு. தூக்கும் கேபிளே தாங்கவும் வேண்டும் என்பது ஏற்கத்தக்கது அல்ல. ஜாக்கியில் ஏற்றிய காருக்கு அடியில் ஸ்டாண்டு வைக்காமல் எந்த நல்ல மெக்கானிக்கும் படுக்கமாட்டார். அதே ஒழுங்கு கூரைக்கும் வேண்டும்.

இரண்டு: பாதுகாப்பு விலைப்பட்டியலின் கூடுதல் வரியாக இருக்கக் கூடாது. பிரேக் விளக்கைத் தனியாக விற்பதில்லை. கூரையைத் தாங்கும் முட்டுகளையும் அப்படி விற்கக் கூடாது.

மூன்று: பழைய வண்டிக்கும் அதே நியாயம். பாப்அப் கைமாறிக் கைமாறி ஓடும் வண்டி. வசதி குறைந்த குடும்பங்களிடமே அது வயதான காலத்தில் வந்து சேர்கிறது. வண்டியின் வயதைக் காட்டி அவர்களின் பாதுகாப்பைக் குறைக்க முடியாது.

கோரிக்கைகள்

அ. தயாரிப்பாளர்களிடம்

1. உயர்ந்து நின்றபின் கூரையைப் பூட்டும் இரண்டாவது பிடி, புதிய வண்டி ஒவ்வொன்றிலும் நான்கு மூலைகளிலும் ஆலையிலேயே பொருத்தப்பட வேண்டும். அது தூணில் செருகும் ஊசியாக இருக்கலாம், தூணைக் கவ்வும் உலோகக் குழாயாக இருக்கலாம். வெளியே நின்றபடியே, கூரைக்கு அடியில் தலையோ கையோ நீட்டாமல் பூட்டவும் திறக்கவும் முடிய வேண்டும். பூட்டியிருக்கிறதா என்பது தூரத்திலிருந்தே தெரியும்படி பளிச்சென்ற நிறத்தில் இருக்க வேண்டும்.

2. அந்தப் பிடியைச் சோதிக்கும் முறை வெளிப்படையாக இருக்க வேண்டும். அனுமதித்த முழுப் பளுவைக் கூரையில் ஏற்றி, நான்கு மூலைகளையும் பூட்டி, தலைமைக் கேபிளை முற்றிலும் தளர்த்த வேண்டும். கூரை நின்றால் மட்டுமே அந்த மாதிரி விற்பனைக்கு வர வேண்டும். முடிவைக் கையேட்டில் அச்சிட வேண்டும்.

3. தானியங்கி பிரேக் இல்லாத வின்ச் புதிய வண்டியில் எங்கும் இருக்கக் கூடாது. ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்கு, பிரேக் உள்ள வின்ச்சை அடக்க விலைக்கே தர வேண்டும்.

4. கூரை உச்சியை எட்டியதும் இனிச் சுழற்றாதே என்று காட்டும் தெளிவான அடையாளம் வேண்டும். அதைத் தாண்டி இரண்டு சுற்று சுற்றுவதும், பயணத் தாழ்ப்பாள்களைத் திறக்க மறந்து சுழற்றுவதும் கேபிளை முறிக்கின்றன. தாழ்ப்பாள் பூட்டியிருப்பது வின்ச் பக்கம் நிற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

5. வண்டியின் வெளிப்புறத்தில் ஒரு பளுத் தகடு வேண்டும். பயணத்தின்போது கூரை தாங்கும் எடை, தூக்கும்போது அனுமதிக்கும் எடை, உயர்ந்து நிற்கும்போது அனுமதிக்கும் எடை ஆகிய மூன்றும் தனித்தனியாக அதில் இருக்க வேண்டும். மூடிய கூரையில் கட்டிக்கொண்டு போகும் படகை, கூரையைத் தூக்குமுன் இறக்கிவிட வேண்டும் என்பதைக் கையேட்டின் உள்பக்கத்தில் தேடிப் படிக்கும் நிலை மாற வேண்டும்.

6. எச்சரிக்கைகள் படங்களாக இருக்க வேண்டும். ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாகப் படிக்க வராத பாட்டியும், இன்னும் படிக்கத் தொடங்காத பிள்ளையும் அதே கூரையின் கீழ்தான் நிற்கிறார்கள்.

7. கப்பிகளையும் கேபிள்களையும் பார்க்கத் தரையடியில் திறந்து மூடும் பலகைகள் வேண்டும். தூண் தலை பதியும் மூலைகளில் நீரில் நமுக்காத பொருளையே பயன்படுத்த வேண்டும்.

8. ஒவ்வொரு மாதிரிக்கும் கேபிள் நீளம், தடிமன், கப்பி அளவு, இணைப்பு வரைபடம் ஆகியவை எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும்; 25 ஆண்டுகளுக்கு உதிரிப்பாகம் கிடைக்க வேண்டும். பென்சில்வேனியாவின் சோமர்செட்டிலிருந்து கோல்மேன் பெயரில் வெளிவந்த பாப்அப்கள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. அந்த ஆலை மூடி ஆண்டுகள் பலவாகிவிட்டன. ஆலை மூடினாலும் வரைபடம் பொதுவில் வாழ வேண்டும்.

ஆ. விற்போர், வாடகைக்கு விடுவோர், பட்டறைகளிடம்

9. வண்டியை ஒப்படைக்கும் நாளில், வாங்குபவரோ வாடகைக்கு எடுப்பவரோ தம் கையாலேயே ஒருமுறை தூக்கி, பூட்டி, திறந்து, இறக்கிப் பார்க்க வேண்டும். விற்பனையாளர் செய்து காட்டிவிட்டுச் சாவியைக் கொடுப்பது போதாது.

10. வாடகை வண்டிகளில் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கேபிள், கப்பி, வின்ச், மூலைப் பிணைப்பு ஆகியவற்றைச் சோதித்துத் தேதியோடு பதிவேட்டில் எழுத வேண்டும். கேட்பவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும்.

11. பழைய வண்டியை விற்கும்போது வாங்குபவர் முன்னால் கூரையை முழுதாக உயர்த்தி, நான்கு மூலைகளின் உயரத்தையும் டேப்பால் அளந்து எழுத வேண்டும். சிறிது நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஒரு மூலை தாழ்ந்து நின்றாலோ, நேரம் போகப் போக இறங்கினாலோ, அதைச் சரிசெய்யாமல் விற்கக் கூடாது.

12. தூக்கும் அமைப்பு அந்தக் கூடுதல் எடையைத் தாங்கும் என்று எழுத்தில் உறுதி தராமல் எந்தக் கூரையிலும் ஏசி பொருத்தக் கூடாது.

13. பட்டறையில் நான்கு மூலைகளிலும் சரியான நீளத்துக்கு வெட்டிய மரமுட்டுகள் நிறுத்தி, அவை நகராதபடி கட்டிய பிறகே தொழிலாளி உயர்ந்த கூரையின் கீழ் போக வேண்டும். தெரிந்த அபாயங்களிலிருந்து தொழிலாளரைக் காப்பது முதலாளியின் கடமை என்று அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தலைக்குமேல் நிற்கும் கூரை தெரிந்த அபாயம்தான்.

இ. அரசுகளிடமும் தர அமைப்புகளிடமும்

14. பொழுதுபோக்கு வாகனங்களுக்கென அமெரிக்காவில் என்எஃப்பிஏ 1192 தரமும், கனடாவில் சிஎஸ்ஏ இசட்240 தொகுதியும் இருக்கின்றன. எரிவாயு, தீ, அவசர வெளியேற்றம் போன்றவற்றில் இவை ஊட்டிய ஒழுங்கு பல உயிர்களுக்குக் காவல். அதே கண்டிப்போடு உயரும் கூரைக்கும் வரையறை வேண்டும்: இரண்டாவது பிடி, பளுச் சோதனை, பிரேக் வின்ச், பளுத் தகடு ஆகிய நான்கும் கட்டாயமாக.

15. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமும், கனடாவின் போக்குவரத்துத் துறையும் குறைபாட்டுப் புகார்களைப் பெறுகின்றன. அவற்றில் ‘கூரை தூக்கும் அமைப்பு’ என்ற தனித் தலைப்பில் பதியவும் தேடவும் வழி வேண்டும். வண்டி ஓடாமல் நிற்கும்போது நடந்த விபத்து என்பதற்காக அதைச் சிறிதாக எண்ணக் கூடாது.

16. அமெரிக்கச் சட்டப்படி, பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் திரும்ப அழைக்கும் வண்டியை இலவசமாகச் சரிசெய்யும் கடமை, அதன் முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகளுக்கே உரியது. பாப்அப்கள் அதையும் தாண்டி உழைக்கின்றன. கூரைத் தாங்கலைப் பொறுத்தவரை இந்த வரம்பை நீட்டிக்க வேண்டும்.

ஈ. பூங்கா நிர்வாகங்களிடம்

17. பலத்த காற்று, இடிமழை, முதல் பனி எச்சரிக்கை வந்தவுடன் பாப்அப் நிற்கும் இடங்களுக்கு நேரில் சொல்லி, கூரையை இறக்கிவைக்க அவகாசம் தர வேண்டும். குடும்பம் ஒதுங்கக் கூரையுள்ள ஓர் இடத்தை இரவிலும் திறந்து வைக்க வேண்டும்.

18. சரிவான இடத்தில் கூரையைத் தூக்கினால் தூண்கள் இறுகிச் சிக்கும், கேபிள்களில் பளு ஒருபக்கமாக விழும். பாப்அப்களுக்கென மட்டமான இடங்களை ஒதுக்க வேண்டும்.

19. வாயில் அலுவலகத்தில் ஒரு ஜோடி மரமுட்டுகளாவது இரவல் தர இருக்க வேண்டும். கூரை பாதியில் சிக்கி நின்றால் என்ன செய்வது என்று ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும்: ஆட்களை விலக்குவது, முட்டுக் கொடுப்பது, அதன் பிறகே வின்ச்சைத் தொடுவது.

நாங்கள் ஏற்கும் கடமைகள்

கேட்பதோடு நிற்கமாட்டோம். இதில் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் பின்வருவனவற்றை ஏற்கிறோம்.

வண்டியை மட்டமாக நிறுத்தி, டயருக்குக் கட்டை போட்ட பிறகே கைப்பிடியைத் தொடுவோம். மூலை ஜாக்கிகளை வண்டியை அசையாமல் பிடிக்க மட்டுமே பயன்படுத்துவோம், தூக்கப் பயன்படுத்தமாட்டோம். தாழ்ப்பாள்கள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று வண்டியைச் சுற்றி நடந்து பார்ப்போம். கையால் சுழற்ற வேண்டிய வின்ச்சில் டிரில் மாட்டமாட்டோம். சுழற்றும்போது ஒருவர் வின்ச்சிலும் இன்னொருவர் காவலிலும் நிற்போம். பிள்ளைகளைக் கைக்கெட்டாத தூரத்தில் நிறுத்துவோம். கூரை அசையும்போது கேன்வாஸைத் தொடமாட்டோம். திணிக்க வேண்டுமானால் நிறுத்திவிட்டு, முட்டு இருக்கும்போது திணிப்போம்.

கூரை உச்சியை எட்டியதும், யாரும் உள்ளே காலெடுத்து வைக்குமுன் நான்கு மூலைகளுக்கும் முட்டுக் கொடுப்போம். ஆலைப் பூட்டு இல்லாத வண்டியில், அந்தத் தூணுக்கென அளந்து செய்த கவ்வுகுழாயையோ உறுதியான மரத்தையோ வைப்போம். கிடைத்த குச்சியை நிறுத்திவிட்டு முட்டு என்று சொல்லிக்கொள்ளமாட்டோம். பனி விழுந்தால் கூரையை வழித்த பிறகே தூக்குவோம், இறக்குவோம். கேபிளில் ஒரு நரம்பு அறுந்திருந்தாலும் அந்தப் பயணத்தை ஒத்திவைப்போம். வண்டியை விற்கும்போது அதன் குறையை மறைக்கமாட்டோம்.

காலவரையும் அறைகூவலும்

பளுத் தகடு, படவழி எச்சரிக்கை, ஒப்படைப்புப் பயிற்சி, வாடகைப் பதிவேடு ஆகியவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. அடுத்த மே மாதம் பூங்காக்கள் நிரம்புமுன் இவை நடைமுறைக்கு வர வேண்டும். பிரேக் வின்ச்சும் நான்கு மூலைப் பூட்டும் அடுத்த மாதிரி ஆண்டின் வண்டிகளிலேயே இருக்க வேண்டும். தரங்களின் திருத்தத்துக்குக் குழுக்கள் கூடும்போது, வண்டியில் உறங்குகிறவர்களுக்கும் பட்டறைத் தொழிலாளருக்கும் அந்த மேசையில் இடம் வேண்டும்.

இதில் கேட்டவற்றில் எதுவும் பொறியியலுக்கு எட்டாதது அல்ல. ஓர் ஊசி, ஒரு துளை, ஒரு தகடு, ஒரு கையேட்டுப் பக்கம். இவற்றுக்கு ஆகும் செலவைக் காட்டி மறுப்பவர்கள், அந்தக் கூரையின் கீழ் தங்கள் பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்று தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பாப்அப் வைத்திருப்பவர்களே, வாடகைக்கு எடுப்பவர்களே, பட்டறையில் உழைப்பவர்களே: இதில் கையெழுத்திடுங்கள். வாங்கும் இடத்தில், வாடகைக்கு எடுக்கும் இடத்தில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: “கேபிள் அறுந்தால் இந்தக் கூரையை எது தாங்கும்?” விற்பவரால் அந்த இரண்டாவது பிடியைக் கைதொட்டுக் காட்ட முடியவில்லை என்றால், அந்த வண்டியை வாங்காதீர்கள். எங்கள் கோரிக்கையின் முழு வலுவும் அந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.